பணம் கூடினால் நாள் நன்றாகப் போகுமா?

நீங்கள் கேட்டது இது: “பணம் அதிகம் உள்ளவர்கள் அன்றாட வாழ்க்கையில் மற்றவர்களைவிட உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருக்கிறார்களா? ஒரு அளவுக்கு மேல் சம்பளம் கூடினால் பயனில்லை என்று படித்தேன். அது தவறு என்று பிறகு கண்டுபிடித்துவிட்டார்கள் என்றும் படித்தேன். எனக்கு இப்போது ஒன்றரை மடங்கு சம்பளத்தில் ஒரு வேலை வந்திருக்கிறது. ஆனால் தினமும் போக வர மூன்று மணி நேரப் பயணம். எதை நம்பி முடிவெடுப்பது?”

வேலை விஷயத்தைக் கடைசியில் பார்ப்போம். முதலில் நேரடியான பதில்: ஆம், கொஞ்சம் கூடுதல் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள். வருமானம் கூடக் கூட, சராசரி மனிதரின் அன்றாட மனநிலையும் மேலே போகிறது. ஆனால் அந்த ஏற்றம் பெரும்பாலோர் கற்பனை செய்வதைவிடச் சிறியது. அதைவிட முக்கியமாக, அது வரும் வழி வேறு. பணம் ஒரு நாளில் புதிதாக மகிழ்ச்சியைக் கொண்டுவந்து கொட்டுவது குறைவு. அந்த நாளிலிருந்து பயத்தையும் பதற்றத்தையும் எடுத்துவிடுவதுதான் அதிகம். பல ஆண்டுகளாக இந்த ஆய்வுகளைப் படித்து வருபவன் என்ற முறையில் எனக்கு நிலைத்த கருத்து இதுதான். ஏன் என்று விளக்குகிறேன்.

“நீங்கள் மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா” என்ற ஒரே கேள்விக்குள் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, உங்கள் வாழ்க்கையை மொத்தமாக எடுத்துப் பார்த்து எத்தனை மதிப்பெண் கொடுப்பீர்கள் என்பது. ஆய்வாளர்கள் இதற்கு ஓர் ஏணியைப் பயன்படுத்துகிறார்கள். கீழ்ப்படி 0, மேல்படி 10. நீங்கள் இப்போது எந்தப் படியில் நிற்கிறீர்கள்? 1960-களில் ஹேட்லி கேன்ட்ரில் என்ற உளவியலாளர் உருவாக்கிய முறை இது. உலக நாடுகளை மகிழ்ச்சி வரிசைப்படி அடுக்கும் பட்டியல்களும் இந்த ஏணியை வைத்துத்தான் போடப்படுகின்றன. இரண்டாவது கேள்வி: நேற்று எப்படிப் போனது? சிரித்தீர்களா, கவலைப்பட்டீர்களா, கோபம் வந்ததா?

இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் கைக்குழந்தை உள்ள ஒரு தாயிடம் கேட்டுப் பாருங்கள். நேற்று முழுக்கத் தூக்கமில்லை, எரிச்சல், களைப்பு. ஏணியைக் காட்டினால் அவரே எட்டாவது படியைத் தொட்டுக் காட்டுவார். நேர்மாறாக, தன் வாழ்க்கை எங்கும் போய்ச் சேரவில்லை என்று நினைக்கும் ஒருவர் நண்பர்களோடு அரட்டையடித்து நாளெல்லாம் சிரித்துக்கொண்டிருக்கலாம். பணத்துக்கும் ஏணிக்கும் உள்ள தொடர்பு வலுவானது. பணத்துக்கும் நேற்றைய நாளுக்கும் உள்ள தொடர்பு அதைவிட மெலிந்தது. நீங்கள் கேட்டிருப்பது இரண்டாவதைப் பற்றி. செய்திகளில் வரும் குழப்பத்தில் பாதி, இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் கலக்குவதால் வருவது.

இனி நீங்கள் படித்த அந்த இரண்டு ஆய்வுகளுக்கு வருகிறேன். 2010-இல் டேனியல் கானமனும் ஆங்கஸ் டீட்டனும் அமெரிக்காவில் எடுக்கப்பட்ட நான்கரை லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்களை அலசினார்கள். கானமன் 2002-இல் பொருளாதார நோபல் பெற்றவர். டீட்டன் 2015-இல் பெற்றார். வருமானம் கூடக் கூட ஏணி மதிப்பெண் ஏறிக்கொண்டே போனது, நிற்கவே இல்லை. ஆனால் அன்றாட உணர்வுகள் ஆண்டுக் குடும்ப வருமானம் சுமார் 75,000 டாலரைத் தொட்டதும் மேலே போவதை நிறுத்திக்கொண்டன. உடனே “75,000-க்கு மேல் பணம் வீண்” என்று உலகம் முழுக்கத் தலைப்புச் செய்திகள் வந்தன. ஆய்வுக்கட்டுரை அப்படிச் சொல்லவில்லை. அதே கட்டுரையில் இருந்த இன்னொரு முடிவை யாரும் பெரிதாகப் பேசவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம். விவாகரத்து, நோய், தனிமை போன்றவை எல்லோருக்கும் வலிக்கின்றன; ஆனால் வருமானம் குறைந்தவர்களுக்கு அதே வலி கூடுதலாக வலிக்கிறது என்று அந்தத் தரவுகள் காட்டின. பட்ட காலிலே படும் என்று சும்மாவா சொன்னார்கள்? பட்ட காலில் படும்போது ஏன் அவ்வளவு வலிக்கிறது என்பதைத்தான் அந்த ஆய்வு அளந்து காட்டியது.

பிறகு 2021-இல் மேத்யூ கில்லிங்ஸ்வொர்த் வேறொரு வழியில் வந்தார். “நேற்று எப்படி இருந்தது” என்று நினைவைக் கேட்காமல், ஒரு கைப்பேசிச் செயலி மூலம் நாளின் எந்த நேரத்திலாவது திடீரென்று “இந்த நிமிடம் எப்படி உணர்கிறீர்கள்?” என்று கேட்டார். அமெரிக்காவில் வேலை பார்க்கும் 33,391 பேரிடமிருந்து 17 லட்சத்துக்கும் அதிகமான பதில்கள் சேர்ந்தன. அவர் கண்டது: 75,000 டாலரில் எந்தச் சுவரும் இல்லை. அதற்கு அப்பாலும் மனநிலை அதே சாய்வில் ஏறிக்கொண்டே போனது.

இரண்டு பெரிய ஆய்வுகள், நேர் எதிரான முடிவுகள். இந்த இடத்தில் நடந்ததை நான் மிகவும் மதிக்கிறேன். இரு தரப்பும் ஒருவரை ஒருவர் தாக்கிக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கவில்லை. பார்பரா மெல்லர்ஸ் என்ற ஆய்வாளரை நடுவராக வைத்துக்கொண்டு, கானமனும் கில்லிங்ஸ்வொர்த்தும் சேர்ந்து உட்கார்ந்து, தவறு எங்கே என்று தேடினார்கள். 2023-இல் மூவர் பெயரிலும் கட்டுரை வந்தது. கானமனுக்கு அப்போது வயது தொண்ணூறை நெருங்கிக்கொண்டிருந்தது. மறு ஆண்டு மார்ச்சில் காலமானார். உலகம் முழுக்கத் தன் பெயரோடு ஒட்டிக்கொண்ட ஒரு முடிவை அந்த வயதில் தானே திருத்தி எழுத எத்தனை பேருக்கு மனம் வரும்?

அவர்கள் கண்டுபிடித்தது எளிமையானது. 2010 ஆய்வின் கேள்விகள் ‘ஆம் – இல்லை’ வகை. “நேற்று மகிழ்ச்சியாக உணர்ந்தீர்களா” என்றால் மிகப் பெரும்பாலானவர்கள் ஆம் என்று சொல்லிவிடுகிறார்கள். கொஞ்சம் மகிழ்ச்சியும் ஆம்தான், நிறைய மகிழ்ச்சியும் ஆம்தான். ஆகவே அந்த அளவுகோலால் மகிழ்ச்சியானவர்களுக்குள் வேறுபாடு காண முடியவில்லை. அது உண்மையில் அளந்தது மகிழ்ச்சியின்மையை. கில்லிங்ஸ்வொர்த்தின் தரவுகளில் மகிழ்ச்சி குறைந்தவர்களை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தபோது, பழைய சுவர் அங்கே நின்றுகொண்டிருந்தது. அடிமட்டத்தில் உள்ள சுமார் 15 முதல் 20 சதவீதம் பேருக்கு, வருமானம் சுமார் 1,00,000 டாலர் வரும்வரை மனநிலை நன்றாக ஏறுகிறது. அதன் பிறகு நின்றுவிடுகிறது. நடுவில் உள்ளவர்களுக்கு நிற்காமல் ஏறுகிறது. ஏற்கெனவே மிக மகிழ்ச்சியாக இருப்பவர்களுக்கோ, அந்த அளவுக்கு மேல் ஏற்றம் இன்னும் வேகமெடுக்கிறது.

இதற்கு என்ன பொருள்? ஒருவரது துயரம் எதனால் ஆனது என்பதைப் பொறுத்தே பணம் வேலை செய்கிறது. வாடகை கட்ட முடியாத துயரத்தைப் பணம் தீர்க்கும். மருத்துவச் செலவால் வரும் துயரத்தைத் தீர்க்கும். அவையெல்லாம் தீர்ந்த பிறகும் ஒருவர் ஆழ்ந்த துயரத்தில் இருக்கிறார் என்றால், எஞ்சியிருப்பது மனச்சோர்வு நோயாக இருக்கலாம், இறந்துபோன மகளாக இருக்கலாம், பிரிந்துபோன துணையாக இருக்கலாம். அங்கே வருமானம் எத்தனை மடங்கு ஆனாலும் அது போய்த் தொடும் இடம் ஒன்றுமில்லை.

அளவைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தப் பதில் உங்களுக்குப் பயன்படாது. முதல் விஷயம், கணக்கு மடங்கில் ஓடுகிறது. ஆண்டுக்கு 20,000 டாலர் வாங்குபவர் 40,000-க்குப் போனால் கிடைக்கும் அதே ஏற்றத்தைப் பெற, 1,00,000 வாங்குபவர் 2,00,000-க்குப் போக வேண்டும். அதாவது முதலாமவருக்கு 20,000 செய்யும் வேலையை, இரண்டாமவருக்கு 1,00,000 செய்கிறது. பணக்காரருக்குக் கூடுதல் பணம் பயன்படவே இல்லை என்று சொல்வது தவறு. ஒவ்வொரு டாலரின் வலிமையும் அவர் கையில் குறைந்துகொண்டே போகிறது என்பதே சரி.

இரண்டாவது விஷயம், மொத்த விளைவே சின்னது. 2023 கட்டுரையில் வரும் ஓர் ஒப்பீடு என் மனதை விட்டுப் போகவே இல்லை. அன்றாட உணர்வில் நான்கு மடங்கு வருமான வித்தியாசம் தரும் மாற்றமும், வேலை நாளுக்கும் வார விடுமுறைக்கும் உள்ள வித்தியாசமும் ஏறக்குறைய ஒன்று. ஒரு தலைவலி ஏற்படுத்தும் பாதிப்பில் அது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இன்னொரு எண்ணும் அதே கட்டுரையில் உண்டு. 15,000 டாலர் குடும்பத்துக்கும் 2,50,000 டாலர் குடும்பத்துக்கும் நடுவில், நூறு புள்ளி அளவுகோலில் நடுமதிப்பு (வரிசையில் சரிநடுவில் நிற்பவரின்) மகிழ்ச்சியின் இடைவெளி சுமார் ஐந்து புள்ளிகள்தான். மடு எது, மலை எது என்று சொல்லத்தக்க வருமான வித்தியாசம்; மனநிலையில் ஐந்து புள்ளி. ஆகவே ஒரு மனிதரின் சம்பளச் சீட்டை மட்டும் பார்த்து, அவர் இன்று சிரித்த முகத்தோடு இருப்பாரா என்று யாராலும் சொல்லிவிட முடியாது.

மகிழ்ச்சியாக இருப்பவர்கள்தான் நன்றாகச் சம்பாதிக்கிறார்களோ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான சந்தேகம். அதற்கு, யாருக்காவது காரணமின்றிப் பணம் கிடைக்க வேண்டும், பிறகு என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும். லாட்டரி விழுந்தவர்களைப் பற்றிய 1978 ஆய்வு ஒன்றை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். பரிசு விழுந்தவர்கள் மற்றவர்களைவிட மகிழ்ச்சியாக இல்லை என்பது அதன் முடிவு. ஆனால் அதில் இருந்த பரிசுக்காரர்கள் வெறும் 22 பேர். 22 பேரை வைத்து மனித குலத்துக்குத் தீர்ப்பு எழுத முடியாது. ஸ்வீடனில் லாட்டரி பரிசு பெற்ற ஆயிரக்கணக்கானவர்களை, பரிசு விழுந்து 5 முதல் 22 ஆண்டுகள் கழித்துக் கேட்ட ஆய்வு 2020-இல் வெளியானது. பெரிய பரிசு பெற்றவர்களின் வாழ்க்கைத் திருப்தி பத்தாண்டுக்குப் பிறகும் உயர்ந்தே இருந்தது. அன்றாட மகிழ்ச்சியிலும் மனநலத்திலும் தெரிந்த மாற்றம் அதைவிடக் குறைவு. ஏணி ஏறியது, நாள் அவ்வளவாக மாறவில்லை. மேலே சொன்ன அதே பிரிவு மீண்டும் இங்கே வருவதைக் கவனியுங்கள்.

மாறாக, வறுமையில் இருப்பவர்களுக்குப் பணம் கிடைத்தபோது நாளே மாறியது. கென்யாவின் மேற்குப் பகுதியில் ஏழைக் குடும்பங்களுக்கு எந்த நிபந்தனையும் இல்லாமல் பணம் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களது மனநலம் தெளிவாக மேம்பட்டது. இன்னொரு சோதனையில் ஏழு நாடுகளைச் சேர்ந்த 200 பேருக்கு ஆளுக்கு 10,000 டாலர் கொடுத்தார்கள். 2022-இல் முடிவு வந்தது: குறைந்த வருமான நாடுகளில் இருந்தவர்களுக்குக் கிடைத்த மகிழ்ச்சி, பணக்கார நாடுகளில் இருந்தவர்களுக்குக் கிடைத்ததைப் போல மூன்று மடங்கு.

சரி, பணம் ஒரு நாளுக்குள் புகுந்து சரியாக எதைச் செய்கிறது? எனக்கு இந்தத் துறையிலேயே மிகப் பிடித்த பகுதி இது. அமெரிக்காவில் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் முப்பது நாட்கள் தொடர்ந்து நாட்குறிப்பு எழுதிக்கொடுத்தார்கள். வருமானம் கூடியவர்களுக்குச் சங்கடங்கள் குறைவாக வரும் என்றுதானே நினைப்போம்? வரும் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. மாறியது அவை தாக்கும் கடுமை. அதே தொல்லை, பணம் உள்ளவரை மேலோட்டமாக உரசிவிட்டுப் போனது. இல்லாதவரைக் குத்திக் கிழித்தது. நினைத்துப் பாருங்கள். காலையில் வண்டி கிளம்பவில்லை. ஒருவருக்கு அது ஒரு தொலைபேசி அழைப்பு, ஒரு வாடகை வண்டி, கொஞ்சம் எரிச்சல். இன்னொருவருக்கு அது வேலைக்குத் தாமதம், ஒரு நாள் கூலி போச்சு, பழுது பார்க்கக் கடன், கடனுக்கு யாரிடம் போய் நிற்பது என்ற வெட்கம், அன்றிரவு வீட்டில் சண்டை. வண்டி ஒன்றுதான் கெட்டது. ஒருவருக்கு அரை மணி நேரம் போயிற்று, மற்றவருக்கு ஒரு வாரம்.

பண நெருக்கடி கவலையோடு நிற்பதில்லை, சிந்தனையையே சாப்பிட்டுவிடுகிறது என்பதைக் காட்டிய ஆய்வு தமிழ்நாட்டில் நடந்தது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டர் ஷஃபீர், ஜியாயிங் ஜாவ் ஆகிய நால்வரும் 2013-இல் வெளியிட்டது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 சிறு கரும்பு விவசாயிகள். அறுவடைக்கு முன் கை வறண்டிருக்கும். அடகும் கடனும் ஓடிக்கொண்டிருக்கும். அறுவடைக்குப் பின் கையில் காசு இருக்கும். ஒரே மனிதருக்கு இரண்டு காலத்திலும் ஒரே மாதிரியான அறிவுத்திறன் சோதனை வைத்தார்கள். அறுவடைக்குப் பின் தெளிவாகக் கூடுதல் மதிப்பெண். அதே ஆள், அதே மூளை, சில மாத இடைவெளி. கடன் கணக்கு மனதின் ஒரு மூலையில் இடைவிடாமல் ஓடிக்கொண்டிருந்தால், மீதிக் காரியங்களுக்கு இடம் எங்கே?

எனக்கும் அப்படி இரண்டு ஆண்டுகள் கழிந்தன. தவணை கட்டத் தவறிய மாதங்களில், தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தாலே வயிற்றில் புளியைக் கரைக்கும். குழந்தை பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ சொல்லிக்கொண்டிருக்கும். என் காதில் விழாது. கடன் அடைந்த பிறகு என் வாழ்க்கையில் புதிதாக எந்த மகிழ்ச்சியும் வந்து சேரவில்லை. ஏற்கெனவே இருந்த குழந்தையின் பேச்சு மட்டும் காதில் விழ ஆரம்பித்தது. பணம் நாளைச் செழிப்பாக்குவதைவிட நாளைத் திருப்பித் தருகிறது என்று நான் சொல்வதன் வேர் அங்கே இருக்கிறது.

நீங்கள் “பணம்” என்று பொதுவாகக் கேட்டதால் இதையும் சொல்ல வேண்டும். வருமானம் ஒன்று, சொத்து வேறு, கையிருப்பு வேறு. பிரிட்டனில் ஒரு வங்கியின் வாடிக்கையாளர்கள் 585 பேரின் கணக்குகளை அவர்கள் அனுமதியோடு பார்த்து, வாழ்க்கைத் திருப்தியோடு ஒப்பிட்டார்கள். அது 2016-இல் வெளியானது. எவ்வளவு சம்பாதிக்கிறார்கள், எவ்வளவு முதலீடு, எவ்வளவு கடன் என்பவற்றையெல்லாம் கணக்கில் எடுத்த பிறகும், உடனே எடுக்கக்கூடிய பணம் கணக்கில் எவ்வளவு கிடக்கிறது என்பதற்குத் தனி எடை இருந்தது. பெரிய வீடும் நிலமும் இருந்து, மாதம் 25-ஆம் தேதி கையைப் பிசையும் குடும்பங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மூன்று மாதச் செலவுக்குப் பணத்தை ஒதுக்கி வைத்திருக்கும் சாதாரணச் சம்பளக்காரர் அவர்களைவிட நன்றாகத் தூங்குவார். மனதுக்கு ஆறுதல் தருவது சொத்தின் மதிப்பைவிட, ஒரு இடி விழுந்தால் தாங்கும் என்ற தெம்பு. பணக்காரர்களிலும் ஒரு வேறுபாடு உண்டு. நாலாயிரத்துக்கும் மேற்பட்ட கோடீஸ்வரர்களைக் கேட்டதில், பரம்பரையாக வந்த செல்வத்தைவிடத் தானே ஈட்டிய செல்வம் கொஞ்சம் கூடுதல் மகிழ்ச்சியோடு சேர்ந்திருந்தது.

இவ்வளவு பணம் இருந்தும் விளைவு ஏன் இன்னும் பெரிதாக இல்லை? எனக்குத் தெரிந்து இரண்டு பெரிய காரணங்கள். முதலாவது, நேரம். பணக்காரரின் நாள் என்று நாம் கற்பனை செய்யும்போது ஓய்வும் கடற்கரையும் மனதில் வருகின்றன. இக்கரைக்கு அக்கரை பச்சை. கானமன் குழு 2006-இல் சுட்டிக்காட்டியபடி, வருமானம் கூடியவர்களின் நாளில் வேலை, பயணம் போன்ற கட்டாயக் காரியங்களுக்குப் போகும் நேரம்தான் அதிகம். சும்மா ஓய்ந்திருக்கும் நேரம் குறைவு. அதே குழு அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு வேலைக்குப் போகும் 909 அமெரிக்கப் பெண்களிடம் முந்தைய நாளை மணிக்கு மணி நினைவுகூரச் சொன்னது. மனநிலை மிகவும் தாழ்ந்திருந்த நேரம் எது தெரியுமா? காலையில் வேலைக்குப் போகும் பயணம். உங்கள் கேள்விக்கு இது பொருந்துவதால் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பணத்தைக் கொண்டு நேரத்தை மீட்கவும் முடியும். கனடாவின் வான்கூவரில் 60 பேருக்கு இரண்டு வார இறுதிகளில் 40 டாலர் வீதம் கொடுத்தார்கள். ஒரு வாரம் அதில் ஏதாவது பொருள் வாங்க வேண்டும். மறு வாரம் நேரத்தை மிச்சப்படுத்தும் எதற்காவது செலவழிக்க வேண்டும். நேரத்தை வாங்கிய நாளில்தான் மனநிலை நன்றாக இருந்தது. ஆனால் அதே ஆய்வில் கேட்கப்பட்ட நெதர்லாந்துக் கோடீஸ்வரர்களில் ஏறக்குறைய பாதிப் பேர், விருப்பமில்லாத வேலையைப் பணம் கொடுத்துப் பிறரிடம் விடுவதே இல்லை. பணம் இருப்பது வேறு, அதை நாளுக்குள் கொண்டுவரத் தெரிவது வேறு.

இரண்டாவது காரணம், ஒப்பீடு. கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஊழியர்களில் சிலருக்கு மட்டும், சக ஊழியர்களின் சம்பளத்தை ஓர் இணையதளத்தில் பார்க்கலாம் என்று தெரிவித்தார்கள். பார்த்தபின், தம் துறையின் நடுச் சம்பளத்துக்குக் கீழே இருந்தவர்களின் திருப்தி சரிந்தது. பலர் வேறு வேலை தேட நினைத்தார்கள். மேலே இருந்தவர்களுக்கோ கூடுதல் திருப்தி எதுவும் வரவில்லை. சம்பளத்தில் ஒரு காசும் மாறாமல் மனம் மட்டும் மாறியது. நார்வேயில் 2001 முதல் எவருடைய வருமானத்தையும் இணையத்தில் தேடிப் பார்க்க முடிந்தது. அதன் பிறகு பணக்காரர்களுக்கும் ஏழைகளுக்கும் இடையிலான மகிழ்ச்சி இடைவெளி 29 சதவீதம் விரிந்தது. தேடியவர் யார் என்பது தேடப்பட்டவருக்குத் தெரியும் என்று 2014-இல் மாற்றியதும், தேடல்கள் மளமளவென்று குறைந்துவிட்டன. ஒரு நாடு வளர்ந்தால் அதன் மக்கள் அதே அளவில் மகிழ்ச்சி அடைவதில்லை என்று 1974-இல் பொருளாதார அறிஞர் ரிச்சர்ட் ஈஸ்டர்லின் சொன்னதற்கும் இந்த ஒப்பீட்டையே பலர் காரணமாகச் சொல்கிறார்கள். அந்த விவாதம் இன்னும் முடியவில்லை. உங்கள் கேள்விக்கு அது தேவையும் இல்லை.

துன்பத்தைக் குறைக்கப் பணம். அப்படியானால் சிரிப்பு எங்கிருந்து வருகிறது? உளவியலாளர் எட் டீனரின் குழு 132 நாடுகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து 2010-இல் இதைப் பார்த்தது. வருமானம் ஏணியை நன்றாக விளக்கியது. ஆனால் நேற்று சிரித்தீர்களா, நாளை ரசித்தீர்களா என்பதை விளக்கியவை வேறு: பிறர் மதிப்போடு நடத்தினார்களா, ஆபத்துக்கு நம்பக்கூடியவர் யாராவது உண்டா, புதிதாக ஏதாவது கற்றீர்களா, நேரத்தை எப்படிக் கழிப்பது என்று நீங்களே தீர்மானித்தீர்களா. இன்னொன்று, 2024-இல் வந்தது: உலகெங்கும் 19 இடங்களில், பணப்புழக்கம் மிகக் குறைந்த சிறு சமூகங்களைச் சேர்ந்த 2,966 பேரின் சராசரி வாழ்க்கைத் திருப்தி பத்துக்கு 6.8. பல செல்வ நாடுகளுக்கு இணையான மதிப்பெண் இது.

இதை எடுத்துக்கொண்டு “பார்த்தீர்களா, ஏழைகள் மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறார்கள்” என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதைக் கேட்டால் கோபம் வரும். நிலமும் காடும் உறவும் சேர்ந்து தாங்கிப் பிடிக்கும் ஒரு சமூகத்தில் பணமில்லாமல் வாழ்வது ஒரு விஷயம். தண்ணீர் முதல் மருந்து வரை எல்லாவற்றையும் பணம் கொடுத்தே வாங்க வேண்டிய இடத்தில் பணமில்லாமல் இருப்பது முற்றிலும் வேறு விஷயம். இரண்டாமவரிடம் போய் மனம்தான் எல்லாம் என்று உபதேசம் செய்வது கொடுமை. அவருக்குத் தேவைப்படுவது பணம்தான். மேலே சொன்ன ஆய்வுகளில் பல அதைத்தான் சொல்கின்றன.

இனி உங்கள் வேலை. கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நான்கு மடங்கு வருமானம், வேலை நாளுக்கும் வார விடுமுறைக்கும் உள்ள வித்தியாசத்தின் அளவு மனநிலை ஏற்றம் தருகிறது. மடங்குக் கணக்குப்படி ஒன்றரை மடங்கு என்பது அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் குறைவு. எதிர்ப்பக்கம், நாளின் மிக மோசமான நேரம் என்று பலர் சொல்லும் பயணத்தில் மூன்று மணி நேரம். அது வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் பதினைந்து மணி. அந்தப் பதினைந்து மணியும் தூக்கத்திலிருந்தோ, குழந்தைகளிடமிருந்தோ, நண்பர்களிடமிருந்தோதான் எடுக்கப்படும். ஜெர்மனியில் பல ஆண்டுத் தரவுகளைப் பார்த்த பொருளாதார அறிஞர்கள், நீண்ட பயணம் செய்பவர்கள் அதற்கு ஈடாகச் சம்பளமோ நல்ல வீடோ பெற்றும் திருப்தி குறைந்தே இருந்ததைக் கண்டார்கள். இந்த எண்கள் சராசரிகள், நீங்கள் சராசரியாக இருக்க வேண்டியதில்லை. ஆனாலும் தராசு எந்தப் பக்கம் சாய்கிறது என்பது தெரிகிறது.

ஒரே ஒரு நிலையில் நான் மாற்றிச் சொல்வேன். உங்களுக்கு இப்போது தலைக்கு மேல் கடன் இருந்து, கையிருப்பு ஒன்றுமில்லாமல், மாதக் கடைசியில் தொலைபேசி ஒலித்தாலே பயப்படுகிறீர்கள் என்றால், அந்த வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். கூடுதலாக வரும் பணத்தில் வாழ்க்கைத் தரத்தைக் கூட்டாமல் முழுவதையும் கடனுக்கும் கையிருப்புக்கும் போடுங்கள். கடன் அடைந்து, நான்கைந்து மாதச் செலவுக்கான தொகை தனியாகச் சேரும் வரை எத்தனை மாதம் ஆகும் என்று இன்றே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த மாதம் வந்ததும் பயணத்தைக் குறைக்க வழி தேடத் தொடங்குங்கள்: வீட்டை மாற்றலாம், வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை பார்க்க அனுமதி கேட்கலாம், அருகில் வேறு வேலை தேடலாம். அப்படிப்பட்ட நெருக்கடி எதுவும் இல்லை, இருக்கும் சம்பளத்தில் மூச்சு விட இடம் இருக்கிறது என்றால், அந்த நிறுவனத்திடம் சம்பளத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் பயணத்தைப் பற்றிப் பேசுங்கள்.